கோடு போட்ட கற்றாழை

1. ஐஸ்கிரீம் டப்பா

டப்பாவைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அழுகல் வாடை. உள்ளே ஈரமான நாளிதழில் சுற்றி ஒரு கற்றாழை இருந்தது. இலையைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது.

"எப்படித் தண்ணி ஊத்துனீங்கண்ணே?"

"தினம் ஊத்துனேன்மா. காலையில ஒரு தரம், சாயந்தரம் ஒரு தரம்."

"மழை பேஞ்ச அன்னிக்கு?"

"அன்னிக்கும்தான். அவ போன்ல தினம் கேப்பா, செடிக்குத் தண்ணி ஊத்துனீங்களான்னு. நான் எல்லாத்துக்கும் ஊத்திட்டேன்."

புக்கிட் பெருவாங்கில் ஞாயிறு காலை கூடும் செடிச் சந்தையில் பன்னிரண்டு வருடமாகக் கடை போடுகிறேன். அதற்கு முன் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்பில் சிப் பார்க்கும் வேலை. அந்தக் கண் இப்போது கள்ளிச்செடி பார்க்கிறது. கேக்டஸ், தடித்த இலையில் தண்ணீர் தேக்கும் சக்குலன்ட் தவிர வேறெதுவும் விற்பதில்லை. ரோஜா கேட்டு வருகிறவர்களைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிடுவேன். அதனால் சந்தையில் எனக்கு முள்ளக்கா என்று பெயர். செடிக்காக வந்த பெயர் இல்லை, உன் வாய்க்காக வந்த பெயர் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் என்னிடம் மண் கலவை கேட்கிறார்கள். அதை யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். நான் செய்த ஒரு திருட்டைச் சொல்கிறேன், அது உங்களுக்கு அதிகம் உதவும்.

டப்பாவோடு வந்தவர் மாணிக்கம் அண்ணன். நியாலாஸ் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் மனைவி லெட்சுமியக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் பாதி, அதன் பக்கத்திலேயே இருக்கும் மகள் வீட்டில் பாதி என்று ஆறு வாரமாக வீட்டில் இல்லை.

அந்தச் செடியை எனக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் லெட்சுமியக்கா அதைத் தொட்டியோடு தூக்கி வந்து, தொட்டி மாற்ற, தண்ணீர் தேங்காமல் மண்ணில் கலக்கும் பியூமிஸ் கல் வாங்கிப் போனார். தலைக்கு எண்ணெய் காய்ச்ச நட்ட சாதாரண சோற்றுக் கற்றாழை வரிசையில் தானாக முளைத்த குட்டி அது. ஒவ்வொரு இலையிலும் பாதி பச்சை, பாதி வெண்ணெய் மஞ்சள். எங்கள் பாஷையில் வேரிகேட்டட். அப்படிச் சுத்தமாகக் கோடு பிரிந்த கற்றாழையை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒரு குட்டி கொடுங்கள் என்று கெஞ்சினேன்.

"குடுக்கறதுக்கு இல்லம்மா. இது என்னத் தேடி வந்தது" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது அதன் தண்டைக் கத்தியால் வெட்டிப் பார்த்தேன். நடுக்குருத்துவரை பழுப்பு. மீட்க ஒன்றும் இல்லை.

"போச்சுண்ணே."

அவர் என் காலி பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். "புதன்கிழமை வர்றா. வந்தா மொதல்ல அதத்தான் பாப்பா. ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போதும் அதப் பாத்துக்கங்கன்னுதான் சொன்னா. கல்யாணமாயி முப்பத்தெட்டு வருசத்துல என்கிட்ட ஒன்னுமே கேட்டதில்லம்மா. இது ஒன்னுதான் கேட்டா." கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை.

2. மேசைக்கு அடியில்

அரிய செடி ஒருநாளும் மேசை மேல் இருக்காது. மேசை மேல் இருப்பதெல்லாம் டிராகன் பழத் தண்டில் ஒட்டுப் போட்ட சிவப்புக் கள்ளி உருண்டைகள், பார்ப்பவர் கண்ணைப் பறிக்க வைத்தவை. மேசைக்கு அடியில் குனிய வேண்டும். விற்பவருக்கே பெயர் தெரியாமல் கலந்து வைத்த தட்டுகளைக் கிளற வேண்டும். சந்தையில் கடை போடும் மலாய்க்காரப் பெரியவர் ஒருவர், பாக் சிக் என்று கூப்பிடுவோம், நோய் என்று நினைத்து ஓரமாகத் தள்ளி வைத்திருந்த செடியை வாங்கி வந்தேன். அது நோய் இல்லை, சேவல் கொண்டை மாதிரி விரிந்து வளர்கிற கிரெஸ்டட் வகை. இன்றும் என் வீட்டில் இருக்கிறது. தொட்டியைத் திருப்பி, தண்டு மண்ணைத் தொடும் கழுத்தைப் பாருங்கள், மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வேர் இல்லை. எது கிடைத்தாலும் முகத்தில் மட்டும் சந்தோஷத்தைக் காட்டாதீர்கள்.

கடையைப் பக்கத்துக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, மாணிக்கம் அண்ணனோடு சந்தை முழுக்க அலைந்தேன். கோடு தெரிகிற எதைப் பார்த்தாலும் அவர் தூக்கிக் காட்டுவார்.

"இதும்மா?"

"அது ஹவோர்தியாண்ணே. வேற சாதி."

"இது?"

"அது கேஸ்டீரியா. அக்கா ஒரு செகண்ட்ல கண்டுபிடிச்சிருவாங்க."

ஒவ்வொரு தொட்டியையும் குழந்தையைக் கீழே விடுவது போல அவ்வளவு கவனமாகத் திருப்பி வைத்தார். அந்தக் கையா ஒரு செடியைக் கொன்றது என்று இருந்தது. கடைசி வரிசையும் முடிந்தபோது மணி பதினொன்று.

"அவ ஒரே ஒரு குட்டிதான் இதுவரைக்கும் குடுத்திருக்கா" என்றார் மெதுவாக. "என் தங்கச்சி ராணிக்கு. அலோர் காஜால தையக்கடை வச்சிருக்கா."

"அண்ணே! இத ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடி சொல்லக்கூடாதாலா?"

"அது செடியா இல்லம்மா. கடை வாசல்ல திருஷ்டிக்குக் கட்டித் தொங்குது."

3. தலைகீழாக

பாக் சிக்கிடம் பெரியதாகப் பச்சைக் கற்றாழை ஒன்றை வாங்கிக்கொண்டு அண்ணனின் காடியில் ஏறி அலோர் காஜாவுக்குக் கிளம்பினேன். நம் ஆட்கள் வாசலில் கற்றாழை கட்டுவது தெரிந்ததுதான். வேர் மேலே, இலை கீழே. மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆனாலும் கற்றாழை லேசில் சாகாது. தண்ணீர் ஊற்றினால்தான் சாகும்.

ராணியின் கடை வாசல்நிலையில் அது தொங்கியது. எட்டு மாதமாயிற்றாம். சூடப் புகை படிந்து, இலைகள் சுருண்டு, செம்பழுப்பாக இருந்தது. நாற்காலி போட்டு ஏறி, புடவைத் தலைப்பால் ஓர் இலையைத் துடைத்தேன். புழுதிக்கு அடியில் மஞ்சள் கோடு தெரிந்தது.

ராணி கழுத்தில் அளவு டேப்போடு வெளியே வந்தாள். அண்ணன் விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"முடியாதுண்ணே. எட்டு மாசமா ஊர்க் கண்ணெல்லாம் அதுலதான் ஏறியிருக்கு. எறக்குனா முச்சந்தியிலதான் போடணும். அண்ணி இப்பத்தான் பொழச்சு வர்றாங்க. அத வீட்டுக்குள்ள கொண்டுபோயி வச்சு, அவங்களுக்கு இன்னொன்னு ஆச்சுன்னா? எனக்கு அண்ணி வேணும்ண்ணே."

அவள் பிடிவாதத்தில் சொல்லவில்லை, பயந்து சொன்னாள். எனக்கு அது புரிந்தது. கொண்டுவந்த பச்சைக் கற்றாழையைக் காட்டி, "வாசலுக்கு இதக் கட்டிக்கங்கம்மா" என்றேன்.

அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்படின்னா எறக்குனத மஞ்சத்தண்ணியில நல்லா முக்கி எடுக்கணும். இல்லாட்டி நான் விடமாட்டேன்."

"ஐயோ, தண்ணியா!" நானும் அண்ணனும் ஒரே குரலில் கத்திவிட்டோம்.

காய்ந்த வேரைத் தண்ணீரில் முக்கினால் இதற்கும் அதே கதிதான். சட்டென்று கேட்டேன்: "மஞ்சத்தூளா பூசுனா ஆகாதா?"

"மஞ்சள்தானே. பூசலாம்."

செடியின் வெட்டுக்காயத்தில் பூஞ்சை பிடிக்காமலிருக்க நாங்கள் மஞ்சள் தூள் தடவுவது வழக்கம். அவள் திருஷ்டிக்குப் பூசச் சொன்னாள், நான் பூஞ்சைக்குப் பூசினேன். இருவருக்கும் திருப்தி.

இனி என் திருட்டு. செடியை இறக்கி மடியில் வைத்தபோது, கழுத்தருகே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு குட்டி இருப்பதைப் பார்த்தேன். தாயைவிடச் சுத்தமான கோடு. ராணி உள்ளே சூடம் தேடப் போயிருந்தாள். அண்ணன் நாற்காலி மேல் நின்று புதுக் கற்றாழையைக் கட்டிக்கொண்டிருந்தார். கிள்ளினேன். டிஷ்யூவில் சுற்றிக் கைப்பையில் போட்டேன். விற்பதற்கு இல்லை. மூன்று வருட ஆசை. கிள்ளிய இடத்தில் ஒரு சிட்டிகை மஞ்சள் வைத்தேன். அது நான் யோசித்துச் செய்ததில்லை, தொழில் பழக்கத்தில் கை தானாகச் செய்தது.

திரும்பும் வழியில் அண்ணனுக்குப் பொய்யும் சொல்லிக்கொடுத்தேன். "பழைய தொட்டியிலயே மண்ண மாத்தி வச்சிருங்க. தண்ணி பத்தாம எளச்சிருச்சுன்னு சொல்லுங்க. ரெண்டு வாரத்துக்குத் தண்ணி காட்டாதீங்க."

"ஒனக்குக் கோடிப் புண்ணியம்மா" என்றார். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

4. மஞ்சள்

அதிலிருந்து நான்காவது ஞாயிறு, வாக்கரைத் தள்ளிக்கொண்டு லெட்சுமியக்கா வந்தார். பின்னால் அண்ணன் தொட்டியோடு வந்தார். குட்டி என் மேசைக்கு அடியில் ஒரு தயிர் டப்பாவில்தான் இருந்தது. வீட்டில் விட்டுவர மனசு வராமல் வாரா வாரம் தூக்கிக்கொண்டு அலைந்தேன்.

"இவரு பொய் சொன்னா கண்ணாடியத் தொடைப்பாரு" என்றார் அக்கா, நான் கேட்காமலே. "நான் வீட்டுக்குள்ள கால் வைக்கறதுக்கு முன்னாடியே தொடைக்க ஆரம்பிச்சிட்டாரு. பாவம். நான்தான் தினம் தண்ணி தண்ணின்னு கேட்டேன். கத்தாழைக்கு வேணாம்னு சொல்லல. தப்பு என் மேலதான்."

"கோவம் வரலியாக்கா?"

"ஒரு நாளு அழுதேன். அப்புறம் பாத்தா, ரெண்டு வேளையும் மறக்காம ஊத்தியிருக்காரு மனுசன். வேற என்ன வேணும் எனக்கு?"

அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அக்கா தொட்டியை வாங்கி மேசையில் வைத்தார். இலைகள் கொஞ்சம் தடித்து, கோடு துலங்கியிருந்தது. மெல்லத் திருப்பி, கழுத்தில் ஓர் இடத்தைக் காட்டினார்.

"வேருக்கு மஞ்சள் பூசுனத ராணி சொன்னா. இங்க மேல எதுக்கும்மா பூசியிருக்கு?"

சிறிய வட்டத் தழும்பு. அதில் காய்ந்த மஞ்சள். பன்னிரண்டு வருட அனுபவம் என்னை அழகாகக் காட்டிக் கொடுத்துவிட்டது. குனிந்து தயிர் டப்பாவை எடுத்து அவர் முன் வைத்தேன். "கிள்ளிட்டேன்க்கா. மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் குட்டியை விரலால் லேசாக ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. "வேர் புடிச்சிருச்சே!" என்றார். முகம் மலர்ந்தது. பிறகு டப்பாவை என் பக்கம் நகர்த்தினார்.

"ஒங்ககிட்டயே இருக்கட்டும். அன்னிக்கு நீங்க கேட்டப்பவே குடுத்திருந்தா, இந்த மனுசன் இப்படிப் பயந்துகிட்டு அலஞ்சிருக்க வேணாம். ஒரே வீட்ல வச்சா ஒரே ஆளு ஊத்திக் கொன்னுருவாரு."

அந்த நேரம் பார்த்து அண்ணன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். நாங்கள் இருவரும் "வேணாம்!" என்று பாய்ந்தோம்.

"நான் குடிக்கறதுக்குலா" என்றார் அவர்.

அழுகையும் சிரிப்புமாக நின்றேன். தொழிலில் நான் கற்றது இதுதான்: அரிய செடி கிடைத்தால், முதல் குட்டியை யாராவது கேட்பதற்கு முன் கொடுத்துவிடுங்கள். நம் செடி சாகும்போது அவர்கள் வீட்டில் அது உயிரோடிருக்கும். வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேளுங்கள், இல்லை என்று சொன்னால் வந்துவிடுங்கள். கிள்ளாதீர்கள்.

என்னிடம் உள்ள செடி இப்போது மூன்று குட்டி போட்டிருக்கிறது. முதல் குட்டியை அலோர் காஜாவில் ராணிக்குக் கொடுத்தேன். வேர் கீழே இருக்கும்படி, தொட்டியில் நானே நட்டுக் கொடுத்தேன்.