ரங்கசாமி மறைத்த புண்

மலாயாவில், டுரியான் துங்கால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ரங்கசாமி ஓர் இடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சயாமில் ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போட்டுவிட்டு உயிரோடு திரும்பியவன். வந்த நாளிலிருந்து ஒரே நடைதான். பால்மரம் வெட்டி முடித்தும் நடப்பான். சோற்றுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டும் நடப்பான். காலில் சக்கரம் கட்டியிருக்கிறது என்று தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் நாங்கள் கேலி பேசுவோம். அப்படி நடந்து அலுத்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும் என்பது மனைவி ராமாத்தாளுக்குத்தான் தெரியும். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் வந்து லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். வேலிக்குள்ளேயே சுற்றினான்.

ஐம்பத்தொன்றில் புதர் வெட்டும்போது பாராங் கத்தி அவன் கெண்டைக்காலில் இறங்கிவிட்டது. இதைப் போய் யாராவது ஒளிப்பார்களா? அவன் ஒளித்தான். துணியைச் சுற்றி, மேலே கால்சட்டையை மாட்டிக்கொண்டு, முன்னைவிட வேகமாக நடந்தான். சயாமில் காலில் புண் வந்தவர்களை ஒரு கொட்டகைக்குத் தூக்கிப் போவார்கள். அங்கே போன யாரும் திரும்பி வந்து அவன் பார்த்ததில்லை. ஜப்பான்காரன் போய் ஆறு வருடம் ஆகிவிட்டது. அவன் புத்திக்கு அது எட்டவில்லை.

புண் நாறத் தொடங்கியது. சயாமிலிருந்து வந்த புதிதில் தூக்கத்தில் அலறுவான்; காய்ச்சலோடு அந்த அலறலும் திரும்பியது. ராமாத்தாள் பொறுத்துப் பார்த்தாள், பிறகு தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரசர் அம்பிகைபாகனை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள்.

"இனியும் விட்டால் காலை எடுக்கவேணும்," என்றார் டிரசர். "உடனே மலாக்கா ஆஸ்பத்திரிக்கு லாரியில ஏத்துங்கோ."

"ஏத்தினா குதிச்சிருவேங்க ஐயா," என்றான் ரங்கசாமி.

குதிக்கவில்லை. ராமாத்தாளும் ஏறி அவன் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஆனால் வார்டு வாசலில், வரிசையாகக் கட்டில்களைக் கண்டதும், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். ஊரடங்குக்கு முன்னால் திரும்ப வேண்டுமே என்று வெளியே லாரிக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்.

"தம்பிய நான்தான் அந்தக் கொட்டாய்க்குத் தூக்கிட்டுப் போனேன்," என்றான். "அண்ணே, கூட இருன்னான். தண்ணி கொண்டாரேன்னு சொல்லிட்டு ஓடியாந்துட்டேன். திரும்பப் போகவே இல்ல."

தம்பி சயாமில் செத்தான் என்பது மட்டுமே அதுவரை தனக்குத் தெரியும் என்று ராமாத்தாள் பிறகு எங்களிடம் சொன்னாள். அப்போது அவள் வெளியே போய், "நீங்க போங்கண்ணே, நான் வரல," என்று லாரியை அனுப்பிவிட்டு வந்தாள்.

"நீங்க போய்ப் படுங்க. உள்ள விடலேன்னா இந்தப் படியிலேயே கெடப்பேன். தண்ணி எடுக்கக்கூட எந்திரிச்சுப் போகமாட்டேன்."

ரங்கசாமி வாய்விட்டு அழுதான். பிறகு கதவிலிருந்து கையை எடுத்தான்.