எட்டாவது பெயர்

என் தங்கை உரக்கப் பேசத் தொடங்கிய பிறகுதான் வீட்டில் ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. பிறந்தது முதல் அவளுக்கு மெல்லிய குரல். கடைசி வரிசை மாணவர்கள் அவள் சொல்வது காதில் விழ வேண்டுமே என்பதற்காகவே வாயை மூடிக்கொண்டிருப்பார்கள் என்று பல்கலைக்கழகத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அப்படிப்பட்டவள் ஒரு நாள் காலையில் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, தெருக்கோடி வரை கேட்கும்படி, "அக்கா, என் கண்ணாடியப் பாத்தியா?" என்றாள்.

"ஏண்டி கத்துற? எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. கண்ணாடி உன் தலைமேலதான் இருக்கு."

தடவிப் பார்த்து எடுத்துப் போட்டுக்கொண்டாள். சிரிக்கவில்லை.

அவள் நிலத்தடி நீரை ஆராய்கிறவள். கடலோரக் கிணறுகளில் உப்பு எப்படி ஏறுகிறது, ஏறிய உப்பு எப்போது இறங்கும் என்பதே அவள் வாழ்நாள் கேள்வி. தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்தபோது மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை கொடுத்தார்கள். மாணவர்கள் ஏறி இறங்கும்போதெல்லாம் தலைமேல் தூசி கொட்டும். தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு விடைத்தாள் திருத்துவாள். அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறினாள். திருமணம் வேண்டாமென்று சொன்னதற்குக் காரணம் கேட்டால், "யாருக்கு நேரம் இருக்கு?" என்பாள். என் கணவர் மறைந்த பிறகு நானும் அவளோடு வந்து சேர்ந்துகொண்டேன்.

நான் தமிழாசிரியையாக இருந்த பள்ளிக்கூடத்தில் நாங்கள் பணிமூப்பில் ஏறினோம். மேலே இருப்பவர் ஓய்வு பெற்றால் கீழே இருப்பவர் நகர்வார், அவ்வளவுதான். பல்கலைக்கழகத்தில் அப்படியன்று. பேராசிரியர் ஆன பின்னும் மூன்று நிலைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தகுதிகள் வேறு. மூன்றாம் நிலைக்குப் போக வேண்டுமானால் இரண்டாம் நிலையில் பல ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். மதிப்புள்ள இதழ்களில் கட்டுரைகள் வந்திருக்க வேண்டும். தன் வழிகாட்டுதலில் எட்டுப் பேர் முனைவர் பட்டம் வாங்கியிருக்க வேண்டும். அதன் பிறகு நேர்காணல். மற்றவை எல்லாம் இருந்து எட்டு மட்டும் இல்லையென்றால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். வயது வரம்பும் உண்டு. அவளுக்கு அந்த ஆண்டை விட்டால் வேறு ஆண்டு இல்லை.

அவளிடம் ஏழு பேர் இருந்தார்கள். எட்டாவதாக வர வேண்டியவன் கோணல்.

அது அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயரன்று. பிறவியிலேயே அவனுக்கு இடக்காது கேட்காது. ஆகவே அவள் அறைக்குள் வந்ததும், எதிரே இருக்கும் நாற்காலியைச் சற்றுத் திருப்பி, வலக்காது அவள் பக்கம் வரும்படி உட்காருவான். அவளும் அவனுக்காகக் குரலை உயர்த்திப் பேசுவாள். அவள் குரல் உயர்ந்தது அந்த ஒருவனுக்கு மட்டுமே. கதவு விரியத் திறந்திருந்தாலும் நிலைச்சட்டத்தில் இரண்டு முறை தட்டாமல் உள்ளே வரமாட்டான். பக்கத்து அறைப் பேராசிரியர்தான் அவனுக்கு அந்தப் பட்டப்பெயரைச் சூட்டியவர்.

"என்னப்பா கோணல், ஆராய்ச்சி நேராப் போகுதா?" என்று கேட்பாராம்.

"நேராப் போனா மேடம் விடமாட்டாங்க சார். மூணு சுத்து சுத்திட்டுத்தான் ஊர் சேரணும்" என்பானாம்.

வீட்டுக்கும் வருவான். ஒரு முறை அவன் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் போன கிணற்று நீரைக் குடிநீர் என்றெண்ணிக் காப்பி போட்டுவிட்டேன். ஒரு வாய் குடித்ததுமே தங்கை எழுந்து ஓடினாள். அவன் மட்டும் முழுவதும் குடித்துவிட்டு, "அக்கா, இது பன்னண்டாம் நம்பர் கிணறு. நல்லா இருக்கு. உங்க காப்பியையும் ஒரு பக்கம் ஆய்வுல சேத்துக்கவா?" என்றான்.

ஐந்து இயல்கள் எழுதியிருந்தான். முடிவுரை மட்டும் பாக்கி. ஐந்தாம் இயலைத் தங்கை ஒரு முறை திருப்பி அனுப்பினாள். திருத்தி எழுதிக்கொண்டு வந்தான். இரண்டாவது வடிவத்தையும் படித்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்கான் அக்கா. ஆனா இவன் இன்னும் நல்லா எழுதுவான்" என்று என்னிடம் சொன்னாள். அவனிடம், "இன்னொரு தடவ எழுதிட்டு வாப்பா" என்றாள். "சரிங்க மேடம்" என்று எழுந்து போனான். போகும்போது நாற்காலியை நேராக்கி வைத்துவிட்டுப் போவது அவன் வழக்கம், அன்று மறந்துவிட்டான். அந்த வாரக் கடைசியில் காய்ச்சல் என்று படுத்தவன் பிறகு எழுந்திருக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து, ஒரு பிற்பகலில் அவன் தந்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். பேருந்து ஓட்டுநர், சீருடையோடு வந்திருந்தார். உட்காரச் சொன்னதற்கு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, கொண்டுவந்த பையை மடியிலேயே வைத்திருந்தார்.

"அவன் மேசையில இருந்தது, அம்மா. ஏதோ முடிச்ச மாதிரிதான் தெரியுது. எனக்கு இதுல ஒண்ணும் புரியாது."

தங்கை பையை வாங்கிக்கொண்டாள். மூன்றாம் முறையாக எழுதிய ஐந்தாம் இயல் அதில் இருந்தது.

"கல்லறையில கல்லு வெச்சாச்சும்மா" என்றார் அவர். "பேரு மட்டும் இன்னும் வெட்டல. அவங்கம்மா விடமாட்டேங்கறா. புள்ள பேருக்கு முன்னாடி முனைவர்னு போட்டாத்தான் உளி படணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. தினம் போய் அந்த வெறுங்கல்லுகிட்ட உக்காந்துட்டு வரா. யாரு கல்லுன்னே தெரியல, வேற யாராவது வந்து படுத்துடப் போறாங்கன்னு நான் சும்மா சொன்னேன். அதுக்கு ரெண்டு நாள் பேசல. உங்களால ஏதாவது முடியுமா?"

முடியும். ஆய்வு முடிந்து முடிவுரை மட்டும் எஞ்சியிருந்தால், வழிகாட்டியே அதைத் தொகுத்துச் சேர்த்து அனுப்பலாம். இறந்தவருக்கும் பட்டம் உண்டு என்று விதியிருக்கிறது. "செய்யறேன்" என்று அவரிடம் சொல்லியனுப்பினாள்.

அவர் போன பிறகு, இரண்டாம் வடிவத்தையும் மூன்றாம் வடிவத்தையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"நீ ஆயிரம் கட்டுரை திருத்தினவ. ரெண்டையும் படிச்சிட்டுச் சொல்லு."

உப்பின் கணக்கு எனக்குத் தெரியாது. வாக்கியத்தின் கணக்கு தெரியும். இரண்டாவதில் ஒவ்வொரு வாக்கியமும் தன் காலில் நின்றது. மூன்றாவதில் ஒவ்வொன்றும் அனுமதி கேட்டுக்கொண்டு நின்றது.

"ரெண்டாவதுதான்டி" என்றேன்.

"ஆமா." இரண்டாவதை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அதுக்கே நான் கையெழுத்துப் போட்டிருந்தா முடிவுரைய ஒரே வாரத்துல எழுதியிருப்பான். முனைவராவே போயிருப்பான்."

அதற்கு மறுநாள் காலையில்தான் தலைமேல் கண்ணாடியை வைத்துக்கொண்டு அப்படிக் கத்தினாள்.

இன்னொன்றும் இருந்தது, இருவருக்கும் தெரியும், இருவரும் பேசவில்லை. கடைசியில் நானே எடுத்தேன். "இவனுக்குப் பட்டம் வந்தா உனக்கு எட்டு ஆகுது."

"ஆகுது."

"உறுத்துதுன்னா நீ விண்ணப்பம் போடாம இரேன். அவனுக்குப் பட்டம் கிடைக்கட்டும், கல்லுல பேரு வரட்டும். நீ இப்ப இருக்கிற இடத்துலயே இரு."

என் முகத்தைப் பார்க்காமல், ஆனால் உரக்கச் சொன்னாள். "எனக்கு அது வேணும் அக்கா. படிக்கடியில உக்காந்த நாள்லேருந்து வேணும். அவன் போனதால கிடைக்குதுன்னு தெரிஞ்ச பிறகும் வேணும்னு தோணுது பாரு, அதுதான் என்னைத் தின்னுது."

பிறகு ஒரு முடிவுக்கு வந்தாள். ஆய்வேட்டை அனுப்புவது, விண்ணப்பமும் போடுவது, நேர்காணலில் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவது. அந்தப் பெயரைச் சேர்க்கலாமா கூடாதா என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். கூடாது என்று சொல்லிவிடுவார்கள் என அவள் நம்பினாள் என்றே நினைக்கிறேன்.

அவன் குறிப்புகளைக் கொண்டு பகலெல்லாம் தன் அறையில் உட்கார்ந்து முடிவுரையை எழுதினாள். நிலைச்சட்டத்தில் இரண்டு முறை தட்டும் ஓசை கேட்கும், நிமிராமலே "வாப்பா" என்பாள், பிறகுதான் நிமிர்வாள், வாசலில் யாரும் இருக்கமாட்டார்கள். அறையைப் பெருக்கும் அம்மாள் ஒரு நாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாளாம்: "ஏன் மேடம், சாயங்காலம் நான் இந்த நாற்காலிய நேராப் போட்டுப் பூட்டிட்டுத்தான் போறேன். காலையில தொறந்தா கோணிக்கிட்டு நிக்குது. நீங்க போன பிறகு யாரு வந்து உக்கார்றது?" தங்கை தான் அதைத் தொடவில்லை என்று என்னிடம் சொன்னாள். நான் ஏன், எப்படி என்று கேட்கவில்லை.

பட்டம் வந்தது. தாயும் தந்தையும் வந்து வாங்கிக்கொண்டார்கள். அந்தத் தாய் தங்கையின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அவன் உங்களப் பத்தித்தான் எப்பவும் பேசுவான். மேடம் விட்டா ஒழிய நான் தேறமாட்டேன்னு சொல்லிச் சிரிப்பான்" என்றாள். பக்கத்து அறைப் பேராசிரியர் ஆறுதலாகத்தான் சொன்னார்: "போகும்போதும் உங்களைத் தூக்கி விட்டுட்டுத்தான் போயிருக்கான், மேடம்." அன்று அவள் சாப்பிடவில்லை.

நேர்காணலில் நடந்ததை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். நீண்ட மேசை, ஐவர் குழு. கட்டுரைகளைப் பற்றிக் கேட்டார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் இருந்தது. பிறகு மாணவர் பட்டியல் வந்தது. ஒவ்வொருவரும் இப்போது எங்கே பணியில் இருக்கிறார் என்பதற்கு அதில் ஓர் இடம் உண்டு. தலைவர் பேனா முனையால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டு வந்தார்.

"எட்டாவது ஆள் இப்ப எங்க இருக்கார்? எழுத விட்டுட்டீங்க போல."

"என் அறையில, சார்" என்று அவள் வாயில் வந்துவிட்டது.

"உங்ககிட்டயே வேலை பாக்கறாரா?"

"இல்ல சார். இறந்துட்டார்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். "இவரை முடிக்க வெச்சது நான் இல்ல. முடிக்க விடாம வெச்சது நான். ரெண்டாவது தடவை எழுதினதே போதுமானது. நான்தான் திருப்பி அனுப்பினேன். இவரை என் கணக்குல சேக்கறது நியாயமான்னு நீங்கதான் சொல்லணும்."

அதை அவள் உரக்கச் சொன்ன வேகத்தில், எதிரில் இருந்த இருவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்களாம். குழுவில் இருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இந்தக் காலத்துல மூணு தடவை எழுத வெக்கிற வழிகாட்டிய எங்க பாக்க முடியுது? மாணவன் போன பிறகும் இவ்வளவு வருத்தப்படுறவங்கள எங்க பாக்க முடியுது?" என்றார். மற்றவர்கள் தலையசைத்தார்கள். அவள் மறுத்துப் பேசினாள். அதையும் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

ஆணை வந்தபோது அதில் குழுவின் கருத்தும் இருந்தது. என் முன்னால் நின்று உரக்கப் படித்தாள்: "ஆய்வின் தரத்தில் எள்ளளவும் விட்டுக்கொடுக்காத வழிகாட்டி என்பதற்கு இவருடைய எட்டாவது மாணவரே சான்று." ஒற்றுப்பிழைகூட இல்லாத வாக்கியம்.

"நான் குத்தத்த ஒத்துக்கிட்டேன் அக்கா. அவங்க நற்சான்று குடுத்துட்டாங்க. இனிமே யாருகிட்டப் போய்ச் சொல்றது?"

மேல்மாடியில் புதிய அறை கொடுத்தார்கள். கதவில் பதவியின் பெயர் பொறித்த பலகை; உள்ளே வந்தவர்கள் அமரப் புத்தம் புதிய மெத்தை இருக்கைகள். அவள் பழைய அறையிலிருந்து அந்த ஒரு நாற்காலியை மட்டும் தூக்கிவரச் செய்தாள். அதே வாரத்தில் கல்லிலும் பெயர் வெட்டியாகிவிட்டதாக ஓட்டுநர் வந்து சொல்லிவிட்டுப் போனார். தாய் இப்போது தினமும் போவதில்லையாம்.

போன மாதம் அவள் கண்ணாடியை மறந்துவிட்டுப் போனாள். எடுத்துக்கொண்டு போனேன். மெத்தை இருக்கைகள் எனக்கு ஒத்துவராது. மேசைக்கு எதிரே சற்றுத் திரும்பி நின்ற பழைய நாற்காலியில் உட்கார்ந்தேன். நேராக்கிக்கொள்ளலாம் என்று கையை வைத்தவள், ஏனோ எடுத்துவிட்டேன். அவள் முன்னால் ஐந்தாம் இயலின் இரண்டாம் வடிவம் கிடந்தது. நான் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடைசிப் பக்கத்தின் அடியில் கையெழுத்திட்டு, அன்றைய தேதியைப் போடாமல், அவன் அதைக் கொண்டுவந்து கொடுத்த நாளின் தேதியைப் போட்டாள். பிறகு நிமிர்ந்து உரக்கச் சொன்னாள்.

"நல்லா இருக்குப்பா. இதுவே போதும்."

நான் செவிடில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. அவள் பார்வை என்மேல் இருந்தது; ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"கேட்டுச்சாப்பா?" என்றாள், இன்னும் உரக்க.

நாற்காலி திரும்பியிருந்த வாக்கில் என் வலக்காது அவள் பக்கமே இருந்தது. தலையசைத்தேன்.