496 தீப்பெட்டிகளில் உலக சரித்திரம்

இது நடந்தது. நான் எதையும் உடனே நம்புகிறவன் இல்லை. பூட்டிய கதவையே இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறவன். அதனால்தான் தேதியும் மணியும் டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். அதில் இருப்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

1959-ஆம் வருஷம். கோவில்பட்டியில் பஞ்சு சேமித்து வைக்கும் ஒரு கிட்டங்கியின் மாடியில் மாலை வகுப்பு நடந்தது. ஐந்து மணி முதல் ஆறரை வரை பெண்களுக்கு. அவர்கள் எல்லாரும் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டும் வேலை பார்ப்பவர்கள். எழுத்துப் படிக்க வந்தவர்கள். ஏழு முதல் ஒன்பது வரை ஆண்களுக்கு. பகலில் வேலை பார்த்துக்கொண்டே எஸ்.எஸ்.எல்.சி. எழுதப் போகிற பதினோரு பேர் நாங்கள்.

இரண்டு வகுப்புக்கும் செய்யது அலி சார்தான் வாத்தியார். அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். படித்து முடிக்கிற ஒவ்வொரு செட்டும், அடுத்து வருகிறவர்கள் உலக சரித்திரம் படிக்க உதவியாக ஏதாவது ஒன்றைத் தன் கையால் செய்து வைத்துவிட்டுப் போக வேண்டும். எங்களுக்கு முந்தினவர்கள் வேட்டித் துணியில் உலகப் படம் வரைந்து வைத்திருந்தார்கள். அதில் ஆஸ்திரேலியா கிடையாது. துணி பற்றவில்லையாம்.

நாங்கள் தீப்பெட்டியில் செய்தோம். ஒரு பெட்டிக்குப் பத்து வருஷம். கி.மு. 3000 முதல் கி.பி. 1960 வரை 496 காலிப் பெட்டிகள். பெண்கள் பெட்டி ஒட்டிப் பலகைகளில் வரிசையாகப் பதித்தார்கள். அந்தந்தப் பத்து வருஷத்தில் உலகத்தில் நடந்ததை நாங்கள் சீட்டில் எழுதி உள்ளே வைத்தோம். ஒன்றை இழுத்தால் அக்பர் வருவார். இன்னொன்றை இழுத்தால் பிரெஞ்சுப் புரட்சி.

சீட்டுகளைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. நான் ஒரு பிழையை விட்டுவிட்டால், இனி வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் பிழையையே படிப்பார்கள். அந்தப் பயத்திலேயே பல நாள் தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

ஜனவரி 23, வெள்ளி. மாலை 6.50. 1941–50 பெட்டியை இழுத்தேன். "இரண்டாம் உலகப் போரில் ஐந்து கோடிப் பேர் மாண்டனர். 1947-ல் இந்தியா விடுதலை பெற்றது." இது நான் எழுதிய சீட்டு. அதன் மேல் இன்னொரு சீட்டு இருந்தது. பென்சில் எழுத்து. கோணல் மாணலாக.

"1947 ஐப்பசி. மாடத்தி. வயசு மூணு. பேதி."

ஐந்து மணி வகுப்பில் யாரோ ஒருத்தி வைத்திருக்கிறாள் என்று புரிந்தது. சிவப்பு மையில் கீழே எழுதினேன்: "இது உலக சரித்திரம் அல்ல. நீக்கவும்." எழுதியவள் பார்க்கட்டும் என்று பெட்டியிலேயே வைத்தேன்.

மறுநாள் அந்தச் சீட்டு இல்லை. அதே வாசகத்தோடு புதுச் சீட்டு. எழுத்து முந்தினதைவிடக் கொஞ்சம் நேராக இருந்தது.

மறுபடி சிவப்பு மை. மறுபடி புதுச் சீட்டு. இரண்டு வாரத்தில் ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் எழுத்து திருந்திக்கொண்டே வந்தது. எனக்குக் கோபமும் வந்தது, நான் செய்வது சரிதானா என்ற சந்தேகமும் வந்தது. சாரிடம் சொன்னேன்.

"கார்த்திகைல உம்ம சீட்டை அவங்களுக்கு வாசிச்சுக் காட்டினேன். அதைக் கேட்டு யாரோ ஒருத்தி எழுதுறா. விடும்" என்றார்.

"விட்டா தப்பாயிரும் சார்."

"தப்புன்னா வச்சவகிட்டயே நேர்ல சொல்லும். சிவப்பு மையில என்னய்யா சண்டை?"

பிப்ரவரி 9, திங்கள். கிட்டங்கி வாசலில் ஜானகியம்மாள் நின்றாள். பெண்களில் மூத்தவள், சாவி அவளிடம்தான் இருக்கும். "இன்னைக்கு நாங்க ஒருத்தரும் மேல போகல தம்பி. ஆபீஸ்ல லோடு. இப்பதான் விட்டான்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள். பூட்டை நான்தான் திறந்தேன்.

6.50. பெட்டியில் புதுச் சீட்டு.

எழுத்தின் மேல் பென்சில் தூள் படிந்திருந்தது. ஊதினேன். பறந்தது.

'சனிக்கிழமையே வைத்ததாக இருக்கும், நான் கவனிக்கவில்லை' என்று டைரியில் எழுதினேன். பிறகு அதை அடித்தேன். கவனித்திருந்தேன். சனிக்கிழமை பெட்டியில் என் சிவப்பு மை பட்ட பழைய சீட்டுதான் இருந்தது.

அன்று சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை.

பிப்ரவரி 11, புதன். நேரில் பேசிவிடலாம் என்று 6.36-க்கே போனேன். பெண்கள் தெருமுனையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். மாடிக்குப் பதினாலு மரப்படி. வேறு வழி கிடையாது. பாதிப் படியில் சத்தம் கேட்டது. சிலேட்டில் குச்சி...

கிரீச்... கிரீச்...

உள்ளே பாதி இருட்டு. பலகைக்குக் கீழே ஒருத்தி பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாள். முகம் தெரியவில்லை. தலை குனிந்திருந்தது.

"யாரு?"

"பாலம்மா."

"1941 பெட்டியில சீட்டு வைக்கிறது நீங்களா?"

"ஆமா அண்ணாச்சி. இந்தத் தடவை செவப்பு மை இல்லையே. இப்ப எழுத்து சரியா இருக்கா?"

எனக்குப் புரிந்தது. நான் எழுதியதை அவள் வாசிக்கவே இல்லை. வாசிக்கத் தெரியாது. எழுத்து மோசம் என்று வாத்தியார் திருத்துவதுபோல நான் திருத்தியதாக நினைத்திருக்கிறாள். அதனால் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறாள். ஏழு தடவை... பெற்ற பிள்ளை செத்த சேதியை.

"எழுத்து நல்லாருக்கு. ஆனா... இது உலகத்துல நடந்ததை எழுதுற பெட்டி."

"அஞ்சு கோடிப் பேரு செத்தாங்கன்னு எழுதியிருக்கீங்களாமே. சார் வாசிச்சாவ. அதுல எம்புள்ள உண்டா?"

"இல்ல."

"அப்ப அவளை எங்கன வைக்க?"



அப்போதுதான் கவனித்தேன். அவளுடைய இரண்டு கைகளும் பெட்டியைப் பிடித்திருந்தன.

சத்தம் நிற்கவில்லை.

கிரீச்... கிரீச்...

அவளிடம் சிலேட்டே இல்லை.

6.41. அரிக்கேன் விளக்கு வாசலை ஒட்டி இருந்தது. திரும்பித் தீக்குச்சியை உரசினேன். நமுத்திருந்தது. இரண்டாவது... மூன்றாவது பற்றியது.

யாரும் இல்லை.

வாசலில் நான்தான் நின்றேன். படி ஒன்றுகூட முனகவில்லை.

பெட்டி பலகையில் இருந்தது. மூடியிருந்தது.

சத்தம் மட்டும்... இன்னும் கொஞ்ச நேரம்...

மறுநாள் ஐந்து மணிக்கு ஜானகியம்மாளிடம் கேட்டேன்.

"பாலம்மாவா? அவ பொங்கலுக்கு மறுநாளே போய்ட்டாளே தம்பி. நாலு நாள் காய்ச்சல். ஒத்தக்கட்டை, தூக்க ஆளில்லாம நாங்கதான் ஆளு கூட்டி வந்தோம்."

பொங்கலுக்கு மறுநாள் என்றால் ஜனவரி 15. முதல் சீட்டு வந்தது 23-ஆம் தேதி.

"அவங்களுக்கு எழுத வருமா?"

"எங்க வந்துச்சு? ககரத்தையே தாண்டல. 'ஏட்டி, நீ எழுதிப் படிக்கதுக்குள்ள நாங்க கெழவியாயிருவோம்'னு கேலி பண்ணுவோம். சிரிப்பா. 'எனக்கு ஒரே ஒரு சங்கதிதான்க்கா எழுதணும், அது வந்தாப் போதும்'பா. என்ன சங்கதின்னு கடைசி வரைக்கும் சொல்லல. ஏன் தம்பி?"

 மேலே போனேன். மாடத்தியின் சீட்டை என் சீட்டுக்கு மேலே வைத்துப் பெட்டியை மூடினேன். சரியா தவறா என்று டைரியில் எழுதவில்லை. அதன்பிறகு புதுச் சீட்டு வரவில்லை. ஏப்ரலில் அறையைப் பூட்டிச் சாவியைச் சார் வைத்துக்கொண்டார்.

ஜூன் 15, திங்கள். புதுச் செட்டுக்குப் பெட்டிகளைப் பற்றிச் சொல்லச் சார் என்னைக் கூப்பிட்டிருந்தார். பூட்டை அவர்தான் திறந்தார். ஒவ்வொருவரும் ஒரு பெட்டியை இழுத்துப் பார்த்தார்கள்.

"சார், இது மூட மாட்டேங்குது" என்றார் ஒருவர்.

1871–80. தாது வருஷப் பஞ்சம் வந்த பத்து வருஷம். நான் அதில் வைத்தது ஒரே சீட்டு. இப்போது பெட்டி பிதுங்கியது. சீட்டுக்கு ஒரு பெயர், ஒரு வயது, ஓர் ஊர். விளாத்திகுளம்... எட்டயபுரம்... பசுவந்தனை... இரண்டு வயது, நாலு வயது, பிறந்து ஒன்பது நாள். ஒவ்வொன்றும் வேறு வேறு கையெழுத்து. எல்லாமே, இப்போதுதான் எழுதப் படித்தவர்களின் எழுத்து.

நாற்பத்து மூன்று வரை எண்ணினேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"மத்ததையும் பாரும்" என்றார் சார். 

ஒவ்வொன்றாக இழுத்தேன்.

1931–40.

"1936 மார்கழி. வன்னியபெருமாள். வயசு ஒண்ணு. பசுவந்தனை."

என் பெயர்.

என் ஊர்.

நான் பிறந்தது 1938-ல்.

அன்று கடைசி பஸ்ஸில் ஊருக்குப் போனேன். அம்மா அடுப்பு எரிக்கப் பருத்திமார்க் குச்சிகளை ஒடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. சீட்டை நான் வாசித்தேன்.

கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தாள்.

"உனக்கு முன்னால ஒருத்தன் இருந்தாம்ல. நீ பொறந்ததும் அவன் பேரையே உனக்கு வச்சாவ உங்க அய்யா. அவனைப் பத்தி ஒருத்தர்கிட்டயும் வாயத் திறக்கக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாவ. இது எங்க ரெண்டு பேருக்கு மட்டுந்தான் தெரியும்."

"அப்ப யாரும்மா எழுதினது?"

சீட்டை வாங்கினாள். எழுத்தின் மேல் விரலை வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே போனாள்.

"அவியதாம்ல. உங்க அய்யா."

அய்யா செத்து ஆறு வருஷம் ஆகிறது. கடைசி வரைக்கும் கைநாட்டுதான்.