வேலி ஓரம் ஒரு கேள்வி

போன மாதம் ஒருநாள் எங்கள் வீட்டில் நெட் போய்விட்டது.

அந்தமானில் எங்கள் ஹட் பேயில் இதெல்லாம் ஒரு செய்தியா? மழை வந்தால் போகும், வெயிலடித்தாலும் போகும். கப்பலுக்குக் காத்திருப்பது போலக் காத்திருப்போம்.

ஆனால் மறுநாள் காலை மதுரையில் என் தங்கைக்கு இருதய ஆபரேஷன். "உள்ள போறதுக்கு முந்தி உன் முகத்தைப் பாக்கணும்க்கா" என்றிருந்தாள். எங்கள் தெருவில் மொபைலில் குரல்தான் வரும்... முகம் வராது. முகம் பார்க்க மருமகள் கலாவின் பழைய கம்ப்யூட்டர்தான் கதி.

சாயங்காலம் பக்கத்து வீட்டு மித்தாலி மீன் கொண்டுவந்தாள். வங்காளிப் பெண்.

"நெட் கப் ஆயேகா?" நெட் எப்போது வரும் என்று கேட்டேன்.

"கியா மாசி! ஹமாரா தோ சுபே சே சல் ரஹா ஹை!"

அவர்கள் வீட்டில் காலையிலிருந்தே ஓடுகிறதாம்! மெயின்லேண்ட்காரர் என்றால் முதலில் தன் மெஷினைச் சந்தேகப்படுவார். நாங்கள் தீவையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கலா அந்தக் கம்ப்யூட்டரின் லினக்ஸில் என்னென்னவோ தட்டிப் பார்த்தாள். முதல்நாள் அப்டேட் போட்டாளாம். நெட்வொர்க் கார்டு இருக்கிறது. அதை இயக்குகிற டிரைவர் என்கிற புரோகிராம்தான் காணோம்.

"அதை நெட்லதான் எடுக்கணும் அத்தை."

"நெட்டே இல்லையேடி?"

"அதான். டிங்கிப் படகு அக்கரையில நிக்குது, நாம இக்கரையில."

"ஹமாரே கர் ஆஜாவோ மாசி, உதர் பாத் கரோ" என்று தன் வீட்டுக்கு வந்து பேசச் சொன்னாள் மித்தாலி. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் மாமனார் எதிரே உட்கார்ந்து அழ எனக்குக் கூச்சம். எப்படிச் சொல்வது?

சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். "டீக் ஹை. பென் டிரைவ் தோ" என்று பென் டிரைவைக் கேட்டுக் கையை நீட்டினாள்.

தன் வீட்டு நெட்டிலிருந்து அவள் அதில் ஏற்றி வந்த டிரைவர் சேரவில்லை — புது அப்டேட்டுக்கு வேறு வேண்டுமாம். முகம் சுளிக்காமல் மறுபடி போய் வந்தாள். அதற்குள் மீனைப் பூனை தூக்கிப்போனது. போகட்டும்!

இந்த முறை சேர்ந்தது. திரையில் தங்கை.

"மூக்குத்தியக் கழட்டிட்டாங்கக்கா. அசிங்கமா இருக்கேனா?"

"இல்லடி. சின்னப் புள்ளையாட்டம் இருக்கே."

இரண்டு பேரும் அழுதோம். மித்தாலி வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அந்த முதுகுக்கு நான் எப்படி நன்றி சொல்ல?

தங்கை நலமாக வீடு திரும்பிவிட்டாள். மூக்குத்தியும் மூக்குக்குத் திரும்பிவிட்டது.

இப்போதெல்லாம் நெட் போனால், முதலில் வேலி ஓரம் போய் "மித்தாலி, நெட் ஹை கியா?" என்று கேட்கிறேன். சில நாள்... போகாதபோதும் கேட்கிறேன்.