அண்ணன் குதிக்காத விளையாட்டு

தேங்காய் பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்ததில் அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஆலங்குடி வீட்டில் படுத்த படுக்கைதான். பொழுது போகட்டுமே என்று துபாயிலிருந்து கையடக்க வீடியோ கேம் ஒன்று வாங்கி வந்தேன்.

பள்ளங்களையும் மிதக்கும் பலகைகளையும் தாவித் தாவிக் கடக்கும் முப்பரிமாண விளையாட்டு அது. ஜாய்ஸ்டிக்கை முழுக்கத் தள்ளினால் பொம்மை ஓடும். லேசாகத் தள்ளினால் நடக்கும். அண்ணனோ என் லீவு முடியப்போகிற நாள் வரைக்கும் முதல் ஸ்டேஜின் புல்வெளியிலேயே அதை நடக்கவிட்டுக்கொண்டிருந்தார். ஒரு பள்ளத்தைக்கூடத் தாண்டவில்லை.

எனக்கு எரிச்சலாக வந்தது. "இந்தப் பட்டனை அமுக்குண்ணே. குதிச்சாத்தானே அடுத்த ஸ்டேஜு!"

"குதிக்கத் தெரியும்டா," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "செத்த நேரம் நடந்துக்கிறேன்."

அவர் விளையாடுகிறார் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.