நாற்பத்திரண்டு ஒன்றுகள்

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டையக்கா என்று பெயர். ஐந்து கடைகள் வைத்திருக்கும் ஒரு மெத்தைக் கம்பெனியின் விற்பனைக் கணக்கு அவள் கையில் இருந்தது. கீழே கிடங்கு, மேலே இரண்டு அறை, அதில் ஜன்னலோர மேசை அவளுடையது. திங்கட்கிழமை காலையில் ஐந்து கடைக்காரர்களும் போன் செய்து, போன வாரம் எந்த நாளில் எத்தனை மெத்தை போனது என்று சொல்வார்கள். அவள் அதை எக்செல்லில் ஏற்றி, கடைக்கு ஒரு கோடு என்று வரைபடம் போடுவாள்.

வெறும் கோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவள் கட்சி. ஏன் ஏறினேன், ஏன் இறங்கினேன் என்று அதுவா வாய் திறந்து சொல்லும்? அதனால் தள்ளுபடி நடந்த நாட்கள், பள்ளி திறந்த வாரம், விளம்பரம் ஓடிய மாதம் என்று ஒவ்வொன்றுக்கும் கோட்டின் பின்னால் மேலிருந்து கீழ்வரை வெளிர் நிறத்தில் ஒரு பட்டை விழச் செய்வாள். வித்தை பெரிதில்லை. தேதிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு வரிசை. விசேஷமான நாள் என்றால் அதில் ‘ஒன்று’ என்று அடிக்க வேண்டும். ஒன்று இருக்கும் நாளெல்லாம் பட்டை; அழித்தால் பட்டையும் போய்விடும்.

பில் போட வந்தவளை இந்த மேசையில் உட்கார வைத்ததே இந்தப் பட்டைகள்தான். வீட்டிலும் அவளுக்கு இதே புத்தி. மகள் மதிப்பெண் குறைந்து வந்தால், “அந்த வாரம் உனக்குக் காய்ச்சல்ல? பட்டை போட்டுப் பாத்தா சரியாத்தான் இருக்கு” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவாள். இப்படி ஓர் அம்மா கிடைத்ததில் மகளுக்கு ஏக குஷி.

மூன்றாம் கடையைப் பதினோரு வருடமாக நடத்தியவரை அவள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். உடன்பிறந்தவர் இல்லை. ஆனாலும் போனை எடுத்ததும் “தங்கச்சி, சாப்டியா?” என்று கேட்காமல் எண்ணிக்கைக்கு வரமாட்டார். ஒரு திங்கட்கிழமை அவர் சொன்னார்:

“தங்கச்சி, குழாய் போடறேன்னு கடை வாசல்லயே ரோட்டத் தோண்டிட்டாங்க. பலகை மேல நடந்துதான் உள்ள வரணும். மெத்தைய என்ன, பையிலயா போட்டு எடுத்துட்டுப் போவாங்க? இதுக்கும் ஒரு பட்டை போட்டுடும்மா.”

“போடாம இருப்பேனாண்ணே?” என்றாள்.

போட்டாள். பள்ளம் சரியாக ஆறு வாரம் இருந்தது. நாற்பத்திரண்டு நாளுக்கும் நாற்பத்திரண்டு ஒன்று அடித்து, சாம்பல் நிறம் கொடுத்து, படத்தை அவருக்குப் போனில் அனுப்பியும் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தை மூடினார்கள். செவ்வாய்க்கிழமை முதலாளியின் கூட்டம்.

கூட்டத்துக்குப் போகும் வழியில் முதலாளி அவள் திரையை எட்டிப் பார்த்தார். “என்னம்மா இது, வரிக்குதிரை மாதிரி? மூணு பட்டைக்கு மேல போனா எனக்குக் கண்ணக் கட்டுது. கொறச்சி எடுத்துட்டு வா.”

இருந்தவை ஐந்து. பள்ளி திறந்த வாரத்தை எடுத்தாள். அடுத்தது எது? தள்ளுபடி, முதலாளியின் சொந்த யோசனை. விளம்பரம், அவர் மச்சான் எடுத்தது. ஆண்டு விழாச் சலுகை, முதலாளியம்மா ஆரம்பித்தது. இவற்றில் கை வைக்க அவளுக்கென்ன பைத்தியமா? சாம்பல் பட்டைக்குத்தான் கேட்க ஆள் இல்லை. அண்ணன் கூட்டத்துக்கு வருவாரே, வாயால் சொல்லிக்கொள்வார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, நாற்பத்திரண்டு ஒன்றுகளையும் ஒரே அமுக்கில் அழித்தாள்.

அன்றைக்குப் பார்த்து முதலாளி கடைக்காரர்கள் யாரையும் கூப்பிடவில்லை. அறையில் அவரும் மச்சானும், லேப்டாப்புடன் அவளும்தான்.

“இப்பதான் படம் பளிச்சுனு இருக்கு. கெட்டிக்காரிம்மா நீ” என்றார் முதலாளி. அடுத்த மூச்சில், “மூணாம் கடை ஏன் இப்படிப் படுத்துக் கெடக்கு?” என்றார்.

“அவருக்கு வயசாயிருச்சு மாமா. ஆள மாத்துங்க” என்றார் மச்சான்.

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். ஒரே ஒரு வாக்கியம் போதும். ஆனால் அதைச் சொன்னால், பட்டையை எடுத்தது யார் என்ற கேள்வி வரும். கெட்டிக்காரி என்ற பேச்சு ஈரம் காய்வதற்குள் போய்விடும். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மூன்றாம் கடைக்கு மச்சானுக்குத் தெரிந்த ஒரு புது ஆள் வந்தார். அண்ணனைக் கீழே கிடங்கில் மெத்தைக்கு உறை போடச் சொல்லிவிட்டார்கள். ஜன்னல் வழியே பார்த்தால், குனிந்து டேப் ஒட்டும் அவர் முதுகு தெரியும். அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

இரண்டாம் நாள் அவரே மாடியேறி வந்தார்.

“உன் மேல ஒரு குத்தமும் இல்ல தங்கச்சி. நீ பட்டை போட்டுக் காட்டியும் அவருக்குக் கண்ணு தெரியலன்னா நீ என்ன பண்ணுவ? வீட்லயும் சொன்னேன், எனக்காக நின்னது அந்த ஒரு பொண்ணுதான்னு.”

அவள் “ம்” என்றாள். அழித்ததையாவது அவசரத்தில் செய்தாள். இந்த ‘ம்’மை அவள் தெரிந்தே சொன்னாள். அன்று இரவு தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். என்னவென்று கேட்ட கணவனிடம் தலைவலி என்றாள். அதுவும் பொய்.

மூன்று வாரத்தில் மூன்றாம் கடையின் கோடு விறுவிறுவென்று ஏறியது. முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. “புது ஆள் வந்த தேதிலேருந்து ஒரு பட்டை போடும்மா. பச்சை கலர்ல.”

அவள் உட்கார்ந்து தேதியைத் தேடினாள். புது ஆள் வந்தது வியாழன். கோடு ஏறத் தொடங்கியது திங்கள். பள்ளம் மூடிய மறுநாள். அதற்கு மேலே நாற்பத்திரண்டு காலிக் கட்டங்கள் வரிசையாக இருந்தன. பச்சைப் பட்டைக்கு ஒன்று அடிக்க விரல் வரவில்லை. மேலே போய், காலிக் கட்டங்களில் ஒவ்வொன்றாக ஒன்று அடித்தாள். இழுத்து நிரப்பினால் நொடியில் முடிந்திருக்கும். அவள் நாற்பத்திரண்டு முறையும் அடித்தாள்.

பிறகு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு முதலாளி அறைக்குப் போய், திங்களையும் வியாழனையும் விரல் வைத்துக் காட்டினாள்.

“இந்தச் சாம்பல் போன தடவை எங்க போச்சு?”

“நான்தான் சார் எடுத்தேன். நீங்க கேட்டப்பவும் சொல்லல.”

கிழி கிழி என்று கிழித்தார். அவள் நின்று வாங்கிக்கொண்டாள். ஆனால் மனிதர் கணக்குக்குக் கட்டுப்பட்டவர். அடுத்த திங்கள் முதல் பழைய ஆளே கடைக்குப் போகட்டும் என்றார்.

“அத நானே போய்ச் சொல்றேன் சார்.”

கிடங்கில் அண்ணன் இரட்டை மெத்தை ஒன்றுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். அவள் கடை திரும்பக் கிடைத்ததை முதலில் சொல்லவில்லை. பட்டையை எடுத்ததைச் சொன்னாள். வாயை மூடிக்கொண்டிருந்ததைச் சொன்னாள். பிறகுதான் கடையைச் சொன்னாள்.

அவர் டேப்பைக் கடைசிவரை இழுத்து ஒட்டினார்.

“நான் மேல வந்து பேசினேனே, அப்பவும் தெரியுமா?”

“தெரியும்ணே.”

“சரி” என்றார். அடுத்த மெத்தையை இழுத்துப் போட்டார்.

அவர் கடைக்குத் திரும்பிய அடுத்த வாரம், திங்கட்கிழமை காலை போன் அடித்தது.

“மூணாம் கடை பேசறேன் மேடம். திங்கள் ரெண்டு. செவ்வாய் மூணு. புதன் ஒண்ணு.”

அவள் அடித்தாள். ஞாயிறு வரை சொல்லி முடித்தார்.

“சாப்டீங்களாண்ணே?” என்றாள்.

“எழுதிக்கிட்டீங்களா மேடம்?” என்று கேட்டார் அவர்.