காணிப்பாக்கம் குளத்தில் வாய்க்கு வராத பொய்

எனக்கு எழுத்து சரியாக வராது. அஞ்சாவதோடு நின்றவள். முன்னே பின்னே மறந்தும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் மட்டும் மறக்கவில்லை.

மகன் குவைத்துக்குப் போன அடுத்த வருஷம் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி. சித்தூர் மாங்கூழ் ஃபேக்டரியில் கூடை தூக்கியவர். திருப்பதி ஆஸ்பத்திரியில் இதயக் குழாயில் அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். மற்ற மாத்திரைகளோடு சர்க்கரை மாத்திரையும் கொடுத்தார்கள்.

"இவருக்கு சுகர் இன்னும் ராலேது, வரலம்மா, வாசல்ல நிக்குது. உள்ள வந்தா குழாய்க்கு ஆகாது. நிறுத்தாதீங்க" என்றார் டாக்டரம்மா.

வீட்டில் என் கொழுந்தனார் காபியை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார். "சுகரே இல்லாதவங்களுக்கு சுகர் மாத்திரையா? நாளைக்குப் பிரசவத்துக்கும் மருந்து குடுப்பாங்க, அதையும் துன்னுண்ணா!"

வீட்டுக்காரரும் சிரித்தார். எனக்குக் கோபம். எதிர்த்துப் பேச வாய் வரவில்லை.

"மாத்திரை போட்டீங்களா?"

"துன்னுட்டேம்மே."

தினமும் இதே பேச்சு. மறுபடி வலி வந்தது. ரத்தம் பார்த்தால் சர்க்கரை ஏறியிருந்தது. டாக்டரம்மா என்னைத் திட்டினார். வீட்டுக்கு வந்து மாட்டுக் கொட்டகையைக் கூட்டினால், தொட்டிக்குப் பின்னால் சர்க்கரைக்குக் கொடுத்த அந்தப் பெரிய வெள்ளை மாத்திரைகள் ஊறிக் கிடந்தன. அதை மட்டும் எறிந்திருக்கிறார்! கேட்டால், "மாடு தட்டிவுட்டிருக்கும்" என்கிறார்.

விநாயகர் படத்துக்கு முன்னால் அன்று நான் அழவில்லை. சண்டை போட்டேன். "தாலி என் கழுத்துல, பொய் அவர் வாயில. நீ பார்த்துக்கினு குந்தினு இருக்கியா? அவர் வாயாலயே நெசம் வரணும்."

எங்கள் பக்கம் வழக்கு தீராவிட்டால் காணிப்பாக்கம் விநாயகர் கோயில் குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு சாமி முன்னால் சத்தியம் செய்வார்கள். அங்கே பொய் சொல்ல யாருக்கும் துணிச்சல் வராது. அண்ணன் தம்பி இரண்டு பேரையும் பஸ் ஏற்றினேன்.

"யோவ், முழுகு! மாத்திரை துன்னேன்னு சாமிகிட்ட சொல்லு."

என் குரலா அது? ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். முழுகி எழுந்தவர் படியிலேயே நின்றுவிட்டார்.

"துன்னலம்மே. சுகர்காரன்னு பேர் வந்தா ஃபேக்டரில சேத்துக்கமாட்டாங்கன்னு பயம்."

கொழுந்தனார் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதே ஈரத்தோடு உள்ளே போய், இனி விடமாட்டேன் என்று இவர் சத்தியம் செய்தார். இன்றுவரை என் முன்னால் விழுங்கி, வாயைத் திறந்து காட்டுகிறார். அப்புறம் வலி வரவில்லை.

மாத்திரை டாக்டரம்மா கொடுத்தது. தொண்டைக்குள் இறக்கியவர் விநாயகர். நன்றி சாமி. கொழுந்தனாருக்கு மட்டும் இன்னும் சர்க்கரை போடாத காபிதான்.

பேச வாய் வராதவர்களே, சாமியிடம் சண்டையாவது போடுங்கள். கேட்பார். அந்த மாத்திரையின் பேர் எனக்கு எழுத வராது, எல்லோருக்கும் சேருமா என்றும் தெரியாது. டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். நான் எழுதியதில் தப்பு இருந்தால், விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.